மழலையர் வகுப்பறையில் கற்றல் மூலைகளும் சுழற்சி முறையும்: ஒரு வரலாறு

மழலையர் வகுப்பறையில் எல்லாக் குழந்தைகளையும் ஒரே திசை பார்த்து வரிசையாக உட்கார வைக்காமல், அறையைக் கட்டைகள், புத்தகங்கள், மணல், எண்கள், ஓவியம், பாவனை விளையாட்டு எனத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, சிறு குழுக்களாக ஈடுபடுத்துவது கற்றல் மூலை முறை எனப்படுகிறது. குறிப்பிட்ட நேரம் முடிந்ததும் ஒவ்வொரு குழுவும் தன் மூலையை விட்டு அடுத்த மூலைக்குச் செல்வது சுழற்சி முறை ஆகும்.

இன்று ஆசிரியர் பயிற்சிகளில் இவ்விரண்டும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. ஆனால் மூலைகளும் சுழற்சியும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளுக்காகத் தோன்றியவை. மூலை என்பது குழந்தையின் விருப்பத்தை மையமாகக் கொண்டு வளர்ந்தது. சுழற்சி என்பது ஓர் ஆசிரியர் பல குழந்தைகளைச் சமாளிக்க வேண்டிய நெருக்கடியிலிருந்து வளர்ந்தது. ஒரு குழந்தை ஒரு வேலையை விட்டு எழுந்திருப்பது அது முடிந்துவிட்டதாலா, மணி அடித்ததாலா என்ற கேள்வி இந்த வரலாறு முழுவதும் தொடர்கிறது.

சென்னை முறையும் சுவரோர நிலையங்களும்

வகுப்பறையைப் பல நிலையங்களாகப் பிரிக்கும் பழக்கத்தின் ஒரு வேர் சென்னையில் உள்ளது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் 1787-இல் இந்தியா வந்தார். 1789 முதல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அனாதைகள் காப்பகத்தை மேற்பார்வையிட்டார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அம்முறையைத் தம் காப்பகத்தில் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் இசையவில்லை. எனவே ஒரு சிறுவனைக் கொண்டே மற்றச் சிறுவர்களுக்குக் கற்பித்தார். மூத்த மாணவன் இளைய மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் வழக்கம் தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்ற பெயரில் முன்பே இருந்தது. பெல் தம் அனுபவத்தை 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அது 'சென்னை முறை' என்று பெயர் பெற்றது.

ஏறத்தாழ அதே காலத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் இதை ஒத்த ஒரு முறையைப் பெரிய அளவில் நடத்தினார். ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான ஏழைச் சிறுவர்கள் படித்தனர். வாசிப்பு வேளையில் அவர்கள் பெஞ்சுகளை விட்டு எழுந்து, சுவரோரமாக அரைவட்டங்களில் நின்றனர். ஒவ்வோர் அரைவட்டத்தின் முன்னும் பாடப்பலகை ஒன்று தொங்கியது. அருகில் ஒரு மாணவத் தலைவன் நின்றான். எப்போது எழுவது, எப்போது நகர்வது, எப்போது திரும்புவது என்பதெல்லாம் சைகைகளாலும் ஒலிகளாலும் கட்டுப்படுத்தப்பட்டன.

சாமுவேல் வில்டர்ஸ்பின் 1820-இல் லண்டனின் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதியில் பொறுப்பேற்ற பாலர் பள்ளியில், இந்த ஏற்பாடு மிகச் சிறு குழந்தைகளுக்கும் வந்தது. அறையில் நடப்பட்ட கம்பங்களில் படங்களும் எழுத்துகளும் மாட்டப்பட்டன. குழந்தைகள் குழுவாகக் கம்பத்துக்குக் கம்பம் சென்று அவற்றைச் சொன்னார்கள். குழு, நிலையம், குறித்த வரிசையில் இடமாற்றம் என்ற மூன்று கூறுகளும் இங்கே ஒன்று சேர்ந்துவிட்டன. ஆனால் எங்கே செல்வது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதில் குழந்தைக்குப் பங்கு இல்லை.

புரோபலின் மழலையர் தோட்டம்

ஜெர்மனியைச் சேர்ந்த பிரீட்ரிக் புரோபல் (1782–1852) வேறொரு தொடக்கத்தைத் தந்தார். சுவிட்சர்லாந்தில் பெஸ்டலோசியின் பள்ளியில் பணியாற்றிய அனுபவம் அவருக்கு இருந்தது. 1837-இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறு குழந்தைகளுக்கான நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயரிட்டார். 'குழந்தைகளின் தோட்டம்' என்பது அதன் பொருள்.

புரோபலின் முதன்மையான பங்களிப்பு கையில் எடுத்துக் கற்கும் பொருள்களை வரிசைப்படுத்தியதாகும். வண்ண நூல் பந்துகள் முதலில் வந்தன. பிறகு மரத்தாலான உருண்டை, கனசதுரம், உருளை ஆகியவை வந்தன. அடுத்து எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் ஒரு கனசதுரம் வந்தது. இவற்றை அவர் 'பரிசுகள்' என்றார். காகித மடிப்பு, பின்னல், களிமண் வேலை போன்றவை 'தொழில்கள்' எனப்பட்டன. விளையாட்டே சிறு குழந்தையின் முறையான வேலை என்ற எண்ணத்தைக் கல்வியின் நடுவில் வைத்தவர் அவர்.

பிரஷ்ய அரசு 1851-இல் மழலையர் தோட்டங்களைத் தடை செய்தது. 1860 வரை அத்தடை நீடித்தது. இதற்கிடையே ஜெர்மானியக் குடியேறிகள் இம்முறையை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். 1856-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வாட்டர்டவுனில் மார்கரெத் ஷூர்ஸ் ஜெர்மன் மொழியில் ஒரு மழலையர் பள்ளியைத் தொடங்கினார். 1873-இல் செயின்ட் லூயிஸ் நகரில் சூசன் புளோ அதை அரசுப் பள்ளிக்குள் கொண்டு வந்தார்.

பெரிய வகுப்புகளுக்கு வந்தபோது புரோபலின் முறை இறுகியது. கட்டம் போட்ட மேசைகளின் முன் குழந்தைகள் அமர்ந்தனர். ஆசிரியை சொல்லச் சொல்ல, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே கட்டையை ஒரே கட்டத்தில் வைத்தனர். விளையாட்டுக்காகப் பிறந்த பொருள்கள் கட்டளைப் பயிற்சியாக மாறின.

மணி அடிக்காத வகுப்பறை

இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' ஒன்றைத் திறந்தார். தாழ்வான அலமாரிகள், குழந்தைகளே தூக்கக்கூடிய மேசை நாற்காலிகள், தரையில் விரிக்கும் சிறு பாய்கள் ஆகியவற்றால் அவரது வகுப்பறை அமைந்தது. அன்றாட வாழ்க்கை வேலைகள், புலன் பயிற்சி, மொழி, கணிதம் என்று பொருள்கள் பகுதி பகுதியாக அடுக்கப்பட்டன. குழந்தை தானே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முடிந்தபின் பழைய இடத்தில் வைத்தது.

சான் லொரென்சோவில் ஒரு சிறுமி, அளவு மாறும் உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்தும் வேலையை 40-க்கும் மேற்பட்ட முறை தொடர்ந்து செய்ததை மாண்டிசோரி பதிவு செய்துள்ளார். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை மேசை மேல் தூக்கி வைத்தார்கள்; சுற்றிலும் மற்றக் குழந்தைகளைப் பாட வைத்தார்கள். அவள் வேலையை நிறுத்தவில்லை. சிறு குழந்தையின் கவனம் நிலையற்றது என்ற பொதுக்கருத்தை இது அசைத்தது. கவனம் தானாக முடியும்வரை குழந்தையைக் குறுக்கிடக் கூடாது என்பது அவரது முறையின் அடிப்படை விதி ஆயிற்று. இன்றும் மாண்டிசோரி பள்ளிகளில் காலை வேளையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் இடையீடின்றி ஒதுக்கப்படுகிறது.

கூட்ட நெரிசலுக்கும் அவரிடம் விடை இருந்தது. ஒவ்வொரு பொருளும் வகுப்பில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். வேறொரு குழந்தை அதை வைத்திருந்தால் காத்திருக்க வேண்டும். சுழற்சி அட்டவணை செய்யும் பங்கீட்டு வேலையை அங்கே அலமாரியே செய்தது.

அடையாறும் கொடைக்கானலும்

பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பின் பேரில் மாண்டிசோரி 1939-இல் தம் மகன் மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். அவர் நடத்திய முதல் ஆசிரியர் பயிற்சியில் ஏறத்தாழ 300 பேர் கலந்துகொண்டனர். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி இறங்கியதும், பிரித்தானிய அரசு இருவரையும் எதிரி நாட்டவராகக் கருதியது. மரியோ சில காலம் காவலில் வைக்கப்பட்டார். மாண்டிசோரியின் 70-ஆம் பிறந்தநாளையொட்டி 1940-இல் அவர் விடுவிக்கப்பட்டார்.

போர்க்காலத்தின் ஒரு பகுதியை இருவரும் கொடைக்கானலில் கழித்தனர். அங்கே வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒரே இடத்தில் கற்ற சிறு பள்ளி ஒன்று நடந்தது. செடிகளும் பூச்சிகளும் மலைச்சூழலும் பாடப்பொருள்களாயின. 1946-இல் ஐரோப்பா திரும்பிய அவர் மறுபடியும் இந்தியா வந்தார். அவரது இந்தியச் சொற்பொழிவுகளின் அடிப்படையிலான நூல் ஒன்று 1949-இல் அடையாறிலேயே அச்சானது. தனியார் மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் 'மாண்டிசோரி' என்ற சொல் பரவலாக இடம்பெறுவதற்குப் பின்னே இவ்வரலாறு உள்ளது. பெயரைத் தாங்கிய எல்லாப் பள்ளிகளிலும் அந்த மூன்று மணி நேரம் வந்து சேரவில்லை.

கட்டை மூலையின் பிறப்பு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மழலையர் பள்ளி ஆசிரியர்களிடையே கடும் வாதம் நடந்தது. புரோபலின் வரிசையை அப்படியே காக்க வேண்டும் என்றார் சூசன் புளோ. ஜான் டூயியின் கருத்துகளால் ஈர்க்கப்பட்ட பேட்டி ஸ்மித் ஹில், குழந்தைகளின் அன்றாட வாழ்க்கையே பாடத்தின் மூலம் ஆக வேண்டும் என்றார். மேசையில் வைக்கும் சிறு கட்டைகளுக்குப் பதிலாக, தரையில் வீடும் கடையும் கட்டி உள்ளே நுழையக்கூடிய பெரிய கட்டைகளை ஹில் உருவாக்கினார்.

நியூயார்க்கில் 1914-இல் விளையாட்டுப் பள்ளி ஒன்றைத் தொடங்கிய கரோலின் பிராட், கனம், அகலம், நீளம் ஆகியவை 1:2:4 என்ற விகிதத்தில் அமைந்த மரக்கட்டைகளை வடிவமைத்தார். அவற்றை வைத்து என்ன கட்ட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. உலகின் பல மழலையர் வகுப்புகளில் இன்று காணப்படும் கட்டைகள் இவற்றின் வழிவந்தவையே. பெரிய கட்டைகளுக்குத் தரை தேவைப்பட்டது. கட்டியதைக் கலைக்காமல் வைக்கத் தனி இடமும் தேவைப்பட்டது. இவ்வாறு கட்டை மூலை, பாவனை வீட்டு மூலை, ஓவிய மூலை ஆகியவை பொருள்களின் தேவையாலேயே உருப்பெற்றன.

இங்கிலாந்தில் 1967-இல் வெளியான பிளவுடன் குழுவின் அறிக்கை, தொடக்கப் பள்ளிகளில் இத்தகைய சுதந்திரமான வகுப்பறையை ஆதரித்தது. அதைக் காண வந்த அமெரிக்கர்கள் தங்கள் நாட்டில் 'திறந்த வகுப்பறை' இயக்கத்தை வளர்த்தனர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி நகரில் டேவிட் வெய்கார்ட் குழுவினர் 1962 முதல் 1967 வரை பெர்ரி பாலர் பள்ளித் திட்டத்தை நடத்தினர். 123 ஏழைக் குழந்தைகளைப் பற்றிய அந்த ஆய்வு, அவர்கள் பெரியவர்களான பின்னும் தொடர்ந்தது. அங்கே வளர்ந்த ஹைஸ்கோப் முறையில் குழந்தை முதலில் எந்த மூலையில் என்ன செய்யப்போகிறது என்று ஆசிரியரிடம் சொல்லும். பிறகு அதைச் செய்யும். முடிவில் என்ன செய்தது என்று திரும்பச் சொல்லும். தேர்வு குழந்தையுடையது, அந்தத் தேர்வைச் சிந்தனையாக மாற்றுவது ஆசிரியருடைய வேலை.

கடிகாரம் திரும்பி வந்தது

மூலைகளுக்குள் சுழற்சி நுழைந்ததற்கு முக்கியக் காரணம் வாசிப்புக் கற்பித்தல் ஆகும். ஐரீன் ஃபவுண்டாஸ், கே சூ பின்னெல் ஆகியோர் 1996-இல் வெளியிட்ட வழிகாட்டு வாசிப்பு பற்றிய நூல் அமெரிக்காவில் பெரும் செல்வாக்குப் பெற்றது. ஒத்த வாசிப்பு நிலையில் உள்ள சில குழந்தைகளை மட்டும் ஆசிரியர் தம்மருகே அமர்த்தி வாசிக்கச் செய்வது அம்முறை. அப்போது எழுந்த நடைமுறைக் கேள்வி எளியது: மீதிக் குழந்தைகள் அந்நேரத்தில் என்ன செய்வார்கள்? நிலையங்களும், எந்தக் குழு எங்கே செல்லும் என்று காட்டும் படப்பலகையும் அதற்கு விடையாக வந்தன. டெபி டில்லர் 2003-இல் எழுதிய வாசிப்பு நிலையங்கள் பற்றிய நூல் இதை மேலும் பரப்பியது.

2002-இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' சட்டம் மூன்றாம் வகுப்பு முதல் ஆண்டுத் தேர்வுகளைக் கட்டாயமாக்கியது. அதன் அழுத்தம் மழலையர் வகுப்புக்கும் இறங்கியது. 1998, 2010 ஆகிய ஆண்டுகளின் தரவுகளை ஒப்பிட்டு 2016-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, மழலையர் வகுப்பிலேயே குழந்தைகள் வாசிக்கக் கற்க வேண்டும் என்று கருதிய ஆசிரியர்களின் பங்கு 31 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடாக உயர்ந்தது. மணல் மேசை, பாவனை விளையாட்டு, அறிவியல் ஆகியவற்றுக்கான இடங்கள் குறைந்தன. மூலைகளின் பெயர் நீடித்தபோதும் உள்ளடக்கம் மாறியது. பல இடங்களில் மூலை என்பது பயிற்சித்தாள் வைக்கப்பட்ட இன்னொரு மேசையாகியது. கணினி வந்தபின், நிலையச் சுழற்சி என்பது கணினியும் ஆசிரியரும் கலந்த கற்பித்தலின் ஒரு வகையாகவும் பெயர் பெற்றது.

தமிழ்நாட்டின் ஏணிப்படி

ஆந்திர மாநிலம் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலிப் பள்ளியின் கிராமக் கல்வித் திட்டம், ஓராசிரியர் பள்ளிகளுக்காக ஒரு முறையை உருவாக்கியது. ஒரே ஆசிரியர், பல வகுப்புகள், பல நிலைகள் என்ற சூழலுக்கு ஏற்பப் பாடங்களைச் சிறு அட்டைகளாகப் பிரித்து, அவற்றை ஏணிப்படி போல் வரிசைப்படுத்தினார்கள். 2003-இல் சென்னை மாநகராட்சி 13 பள்ளிகளில் இதைத் தழுவித் தொடங்கியது. எம்.பி. விஜயகுமார் இதன் முதன்மை முன்னெடுப்பாளர். 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் 2007 முதல் அது தமிழகம் முழுவதும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 1 முதல் 4 வரையிலான வகுப்புகளுக்கு விரிந்தது.

இது மழலையர் வகுப்பைவிட ஒரு படி மேலே உள்ள வயதினருக்கானது. எனினும் குழுவைவிட்டுக் குழு மாறும் வகுப்பறை தமிழகத்தில் மாநில அளவில் நடைமுறையானது இதன் மூலமே. குழந்தைகள் பாய்களில் வட்டமாக உட்கார்ந்தனர். சுவரின் அடிப்பகுதியில் ஒவ்வொரு குழந்தைக்கும் இடம் ஒதுக்கிய தாழ்வான கரும்பலகை இருந்தது. ஆசிரியரின் முழு உதவி பெறும் குழு, ஓரளவு உதவி பெறும் குழு, சக மாணவர் உதவி பெறும் குழு, தானே கற்கும் குழு எனக் குழுக்கள் அமைந்தன. அட்டையில் உள்ள சின்னமே குழந்தை எந்தக் குழுவுக்குச் செல்ல வேண்டும் என்று சொன்னது. இங்கே சுழற்சி உண்டு. பொதுவான மணி இல்லை. ஒரு குழந்தை தன் படியை முடித்தபின்தான் இடம் மாறியது. பள்ளிக்கு வராத நாள்களுக்குப் பின் வந்தாலும் விட்ட படியிலிருந்து தொடர முடிந்தது.

சென்னையிலிருந்து சென்ற சட்டாம்பிள்ளை முறையில் மாணவன் மாணவனுக்குக் கற்பித்தான். இரு நூற்றாண்டுகளுக்குப் பின் அதே நகரில் சக மாணவர் உதவி மீண்டும் வகுப்பறைக்குள் வந்தது. இம்முறை வேகத்தைத் தீர்மானித்தது குழந்தை. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' இயக்கம் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளாகப் பிரித்தது.

மழலையர் பருவத்தைப் பொறுத்தவரை, 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் அங்கன்வாடிகளே பெரும்பாலான ஏழைக் குழந்தைகளின் முதல் வகுப்பறை. 2019 ஜனவரியில் தமிழக அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. 2022-இல் வெளியான அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் 3 முதல் 8 வயது வரையிலான குழந்தைகளுக்கு விளையாட்டு வழிக் கற்றலை வலியுறுத்துகிறது.

அமைக்கும் முறையும் அதன் கணக்கும்

இவ்வரலாற்றிலிருந்து வகுப்பறை அமைப்புக்கான சில நடைமுறைகள் திரண்டுள்ளன. சத்தம் மிகுந்த கட்டை மூலையும் அமைதி வேண்டிய புத்தக மூலையும் அருகருகே வைக்கப்படுவதில்லை. மணல், தண்ணீர், வண்ணம் ஆகியவை கதவு அல்லது தண்ணீர் வசதிக்கு அருகே அமைகின்றன. எல்லா மூலைகளும் ஆசிரியர் அமரும் இடத்திலிருந்து தெரிய வேண்டும். எல்லா மூலைகளையும் முதல் நாளே திறக்காமல், ஒவ்வொன்றாக அறிமுகம் செய்து, பொருளை எடுக்கவும் திருப்பி வைக்கவும் பழக்கியபின் அடுத்ததைத் திறப்பது வழக்கம். எழுத்து அறியாத வயது என்பதால் பெயருக்குப் பதில் படங்களும், மாறும் நேரத்துக்கு அறிவிப்புக்குப் பதில் ஒரு பாட்டும் பயன்படுகின்றன.

சுழற்சிக்குச் சார்பான வாதம் வலுவானது. 25 குழந்தைகளைச் சுதந்திரமாக விட்டால், கட்டை மூலையைச் சிலர் தினமும் பிடித்துக்கொள்வார்கள். கூச்ச சுபாவமுள்ள குழந்தை ஒரே இடத்தில் ஒதுங்கிவிடும். சமையல் விளையாட்டு பெண் குழந்தைகளுக்கு, கட்டைகள் ஆண் குழந்தைகளுக்கு என்ற வீட்டுப் பழக்கம் வகுப்புக்குள்ளும் வந்துவிடும். சுழற்சி எல்லோருக்கும் எல்லாவற்றையும் தருகிறது. ஆசிரியருக்கும் ஒவ்வொரு குழுவோடும் நெருக்கமாக அமர நேரம் கிடைக்கிறது.

அதன் விலையும் கணக்கிடத்தக்கது. 25 குழந்தைகளை ஐந்து குழுக்களாக்கி, ஒரு மூலைக்கு 15 நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 75 நிமிடம். எடுத்து வைத்து இடம் மாற ஒவ்வொரு முறையும் 3 நிமிடம் என்றால் நான்கு மாற்றங்களுக்கு 12 நிமிடம். ஆக 87 நிமிடம். அந்த நேரத்தில் எந்தக் குழந்தைக்கும் 15 நிமிடத்துக்கு மேல் தொடர்ச்சியான வேலை கிடையாது. பாலம் கட்டத் தொடங்கும் குழந்தைக்கு அதன் தூண்கள் நிற்கத் தொடங்கும் வேளையில் பாட்டு கேட்கும். ஓர் ஊழியரும் ஓர் உதவியாளரும் மட்டுமே உள்ள அங்கன்வாடியில், மூன்று வயதும் ஐந்து வயதும் கலந்த குழந்தைகளிடம் இந்த அட்டவணையை நடத்துவது இன்னும் கடினம்.

இதனால் பல வகுப்பறைகளில் இடைப்பட்ட வழிகள் உருவாகியுள்ளன. ஆசிரியர் அமரும் ஒரு மூலைக்கு மட்டும் குழுக்கள் முறைவைத்து அழைக்கப்படும். மற்ற மூலைகளில் குழந்தையே தேர்ந்தெடுக்கும். ஒவ்வொரு மூலையிலும் நான்கு அல்லது ஐந்து கொக்கிகள் மாட்டி, குழந்தை தன் பெயர் அட்டையைத் தொங்கவிடும். கொக்கி காலியில்லை என்றால் வேறு மூலைக்குச் செல்லும். ஒரே நாளில் எல்லா மூலைகளும் என்பதற்குப் பதில் ஒரு வாரத்தில் எல்லா மூலைகளும் என்று கணக்கு வைக்கப்படும். கட்டியது முடியவில்லை என்றால், கலைக்காமல் மறுநாளுக்கு விட்டுவைக்கப்படும்.

சுவரோர அரைவட்டங்கள், கட்டம் போட்ட மேசைகள், தாழ்வான அலமாரிகள், ஏணிப்படி அட்டைகள் ஆகிய அனைத்தும் ஒரே சிக்கலுக்குக் கிடைத்த வெவ்வேறு விடைகளாகும்: பெரியவர் ஒருவர், குழந்தைகள் பலர். வகுப்பறையில் எத்தனை மூலைகள் உள்ளன என்பது கண்ணுக்குத் தெரியும். ஒரு குழந்தை தொடங்கிய வேலையை முடிக்க அதற்கு நேரம் கிடைக்கிறதா என்பது அருகே அமர்ந்து பார்த்தால்தான் தெரியும்.